பாக்கி

எஞ்சின் எரியும் நாளில்
என் வேலை மிருகங்களை விரட்டுவது.

மகேந்திரகிரி அடிவாரம். ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டம்.
உள்ளே ஆடு நிற்கக் கூடாது, மாடு மேயக் கூடாது.
மயில் இருந்தால் கையைத் தட்டிப் பார்க்கலாம்,
போகாவிட்டால் அது மயிலின் இஷ்டம்.
படிவத்தில் மூன்றாவது கட்டம்: விலங்குகள்.
அதில் 'இல்லை' என்று எழுதி
ஞானதிரவியம் என்று கையெழுத்துப் போட்டு
எண்ணை வாக்கிடாக்கியில் சொன்னால்தான்
மேலே எவரும் பொத்தானைத் தொடுவார்கள்.

ஒன்பது வருஷம். நாற்பத்தொரு தீ.
நாற்பத்தொரு இல்லை.

முப்பிடாதி ஆடுகளை ஓட்டிக்கொண்டு
ஓடை தாண்டிப் பணகுடிப் பக்கம் போய்விடுவாள்.
"என்ன வே, ஒம்ம தீயில எங் கெடாவையா வாட்டப் போறீரு?"
உடைமரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து
காற்று அவள் சிரிப்பை மட்டும் திருப்பிக் கொண்டுவரும்.

போகாதது ஒன்றுதான்.
செவலை. இடது காது பாதி.
எல்லாவற்றையும் கழித்த பிறகும் நிற்பதால்
கேன்டீன்காரர்கள் வைத்த பெயர் பாக்கி.

வெப்ப வளைவுகளைப் படிக்கிற சண்முகவடிவு
ஒருநாள் டீ ஆறும் நேரத்தில் சொன்னாள்:
முதலில் பழ ஈக்கள் போயின. அப்புறம் குரங்குகள்,
செத்ததன் பெயரையே அடுத்ததற்கும் வைத்து
எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.
அப்புறம் மாஸ்கோவில் தெருவில் பிடித்த ஒரு பெட்டை நாய்.
தெருநாய்க்குக் குளிரும் பசியும் பழக்கம்,
பயிற்சிச் செலவு அந்த மட்டுக்கு மிச்சம்.
கூண்டைச் சிறிது சிறிதாகக் குறுக்கிக்கொண்டே வந்தார்கள்.
இறங்க வழி வைக்கவில்லை,
அதனால் இறங்கப் பழக்கவும் இல்லை.

மேலே ஏறுகையில் நெஞ்சு இருமடங்குக்கு மேல் அடித்ததாம்.
அது அடங்க, தரையில் அடங்கியதைவிட மும்மடங்கு நேரம்.
உள்ளே சூடு ஏறி நாற்பது டிகிரி.
"நம்ம பாளையங்கோட்டை வெயிலுதான" என்றேன்.
"நீங்க பஸ் ஸ்டாண்டு நிழல்ல போய் நிப்பீய" என்றாள்.

சில மணி நேரந்தான்.
செய்தியில் மட்டும் பல நாள் உயிரோடிருந்தது.
உண்மை கீழே வந்து சேர நாற்பத்தைந்து வருஷம்.

கிளம்புமுன் அங்கே ஒருவர்
அதை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப்
பிள்ளைகளோடு விளையாட விட்டாராம்.
இதைச் சொல்லும்போது மட்டும்
அவள் கிளாஸைக் கீழே வைத்தாள்.

அன்றிலிருந்து எனக்கு அந்த ஆளின் படிவம்தான் நினைப்பு.
விலங்குகள்: ஒன்று.
அந்த 'ஒன்று' எழுதியவன் சாப்பிடப் போயிருப்பான்.
என்ன சாப்பிட்டிருப்பான்?

நாற்பத்திரண்டாவது தீ ஆனி மாதம்.
காற்றாடிகள் பேய் பிடித்துச் சுற்றுகின்றன.
பாக்கி ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டது.
பிஸ்கட் காட்டினேன். கல்லைக் காட்டினேன்.
"வா சவமே" என்று கும்பிட்டும் பார்த்தேன்.
"மூணாவது கட்டம் என்னாச்சு?" வாக்கிடாக்கி கேட்கிறது.
ஒன்று என்று சொன்னால் எண்ணிக்கை நிற்கும்,
உறைகுளிரில் ஊற்றிவைத்ததெல்லாம் ஆவியாய்ப் போகும்,
என் ஒப்பந்தமும் அதோடு சேர்ந்து.

தரையில் குப்புறக் கிடந்து பின்னங்காலைப் பிடித்திழுத்தேன்.
கடிக்கவில்லை, முனகியது.
மடியில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.
வட்டத்தின் கோடு எங்கே முடிகிறது என்று
மண்ணில் யாரும் வரைந்து வைக்கவில்லை.
சங்கு ஊதிய இடத்தில் நிறுத்தினேன்.
கண்ணாடியை ஏற்றினேன்.
ஸ்டீயரிங்கில் படிவத்தை வைத்து எழுதினேன்: இல்லை.

பிறகு மலை உறுமியது.
ஜீப்பின் ஆணிகள் எல்லாம் பேசின.
என் இடது உள்ளங்கைக்கு அடியில்
விலா எலும்புக்குள் ஒரு ஓட்டம்.
எண்ணினேன்.
இருநூறு வரை எண்ணிவிட்டுத் தப்பவிட்டேன்,
மறுபடி ஒன்றிலிருந்து.
அந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை.

தீ அணைந்தும் வெகுநேரம் அது அடங்கவில்லை.
எனக்கும்தான்.
சீட்டெல்லாம் மூத்திரம்.
கதவைத் திறந்ததும் குதித்துக்
கேன்டீன் பக்கம் போய்விட்டது,
திரும்பிப் பார்க்கிற வழக்கமெல்லாம் அதற்கு இல்லை.

அலுவலகத்தில் கோப்பை எடுத்துப் பாருங்கள்.
நாற்பத்திரண்டாம் படிவத்தில் அந்த 'இல்லை'
கொஞ்சம் கோணலாக இருக்கும்.
ஒரு கையால் எழுதியது.